புல்லாங்குழலுக்கு வந்த இழுப்பு

கம்பியூட்டரில் வாசிக்கும் புல்லாங்குழலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது பிழையே விடாது. தாளம் தப்பாது, களைக்காது, மூச்சு வாங்காது. அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று வெளிக்கிட்டவன் நான்.

தங்கை மதுராவின் கலியாணத்துக்கென்று ஒரு மெட்டுப் போட்டிருந்தேன். கீபோர்ட்டில் நான் அழுத்திய சுரங்களை 'மிடி' என்ற கம்பியூட்டர் குறிப்பாகப் பதிந்து, கம்பியூட்டரே புல்லாங்குழலாக வாசிக்கும்படி செய்து, பெருமையோடு அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அண்ணை, ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வாற மாதிரிக் கிடக்கு."

(கலியாணப் பெண் என்பதால் குட்டாமல் விட்டேன்.)

அன்றே திருத்தத் தொடங்கினேன். ஒரு சுரத்தை மெல்லிதாக்கினேன், இன்னொன்றைத் தாளத்துக்கு மயிரிழை பிந்த விட்டேன். கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் மனிதன் ஊதினால் இடையிடையே மூச்சிழுப்பான் அல்லவா? எங்கள் ஊர் அரியாலையிலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து, நகரத்துக்குப் போய்வந்த கையோடு மைக்குக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினேன். அதை வெட்டி வெட்டி ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒட்டினேன். என் சின்ன ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

கலியாண மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று. மேளக்காரர் சாப்பிடப் போக, எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்தும் நேரத்தில் என் பாட்டைப் போட்டார்கள். அங்கே ஆளுயர ஸ்பீக்கர்கள். அதிலொன்று மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு நேர் பின்னால். அந்த மாமாவுக்கு இழுப்பு வருத்தம், ஆஸ்துமா. போன கிழமைதான் ஆஸ்பத்திரியால் வந்தவர். கலியாணம் தள்ளிப்போகுமோ என்று இரண்டு வீடும் பயந்திருந்தது.

குழல் இனித்தது. பிறகு, "ஹ்ஹ்ஹீஈ..."

"ஐயோ, சம்பந்தியாருக்கு இழுக்குது!" அம்மா பதறி எழும்பினார்.

"எனக்கு ஒண்டுமில்லை!" என்றார் மாமா.

"ஹ்ஹ்ஹீஈ..." என்றது ஸ்பீக்கர்.

"கதையாதேங்கோ, கதைச்சால் கூடும்," என்று சித்தப்பா அவருடைய சால்வையை உருவிவிட்டு முதுகைத் தடவினார். மாமா வாயை இறுக்க மூடினார். மூடிய வாயிலிருந்தும் இழுப்புக் கேட்டதும் சனம் இன்னும் பயந்துபோனது. நாலு பேர் அவரை இருந்த கதிரையோடு தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஓட்டோவுக்கு ஓடினார்கள். வாசலிலும் ஒரு ஸ்பீக்கர் இருந்தது.

இவ்வளவு நேரமும் நான் என்ன செய்தேன்? எல்லாரையும் போல மாமாவுக்காகக் கவலைப்பட்டேன். (சத்தியமாக.) மதுராதான் மணவறையிலிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"அண்ணை, உது உங்கடை மூச்செல்லோ!"

பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மண்டபம் சட்டென்று அடங்கியது.

"ஐயோ, மூச்சு நிண்டுபோச்சே!" அம்மா அலறினார்.

ஓட்டோவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் உயிரோடைதான் இருக்கிறன்! முதல்லை என்ரை சால்வையைத் தாங்கோ!"

நல்லவேளை, மாமா மனம் கோணவில்லை. எந்தக் கலியாணவீட்டில் என்னைக் கண்டாலும், "தம்பி, இண்டைக்கு ஆருக்கு இழுப்பு?" என்று நாலு பேர் கேட்கத்தக்கதாகக் கேட்பார். மாமிதான் பாவம். மாமாவுக்கு உண்மையாகவே இழுத்தாலும், முதலில் ரேடியோவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை எடுக்கிறாராம்.