ஊது நைனாவின் மூக்கு

திருவொற்றியூர் வட்டாரத்தில் அடுத்தவர் வாயை மோந்து பார்த்தே குடும்பம் நடத்திய மனிதர், எனக்குத் தெரிந்து, ஊது நைனா ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுத்த முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

நாற்பதுகளின் கடைசி. மதுவிலக்கு வந்த புதிது. நான் ஓர் இரும்புப் பட்டறையின் வாசல் அறையில் உட்கார்ந்து ஆள் வரவு குறிக்கும் குமாஸ்தா. கள்ளச்சாராயத்தைப் போட்டுக்கொண்டு உலைப் பக்கம் போய் எவனாவது விழுந்து தொலைப்பானே என்று பயந்த மானேஜர், வாசல் காவலாளி நைனாவுக்கு ஒரு வேலையைக் கூட்டிக் கொடுத்தார். உள்ளே போகிற ஒவ்வொருவனும் அவர் மூக்குக்கு நேரே ஊத வேண்டும். சாராயம் நாறினால் வேலை போச்சு. ஆளைப் போலீஸிலும் ஒப்படைப்பார்கள்.

நைனாவின் மூக்கு சாராயத்தோடு நிற்கவில்லை. ஊர் வாய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

“இன்னாடா, நாக்க வழிச்சியா? மாவு மாதிரி அப்பிகினு கீது. வெறும் பல்ல தேச்சா பூடுமா? ஓடு, வழிச்சிகினு வா!”

“சொத்தப் பல்லு. கிராம்ப அதுக்கிக்கோ. லீவுல பெரியாஸ்பத்திரி போய் புடுங்கிடு.”

உலைக்காரர்களுக்கு மட்டும் தனி வைத்தியம். “அனல்ல நின்னு வாயி காஞ்சிபூட்ச்சி மாமு, அதான் நாறுது. தண்ணி குடி!” சொம்பு காலியாகும் வரை வழிவிட மாட்டார். பின்னால் வரிசை காசிமேடு வரைக்கும் நிற்கும்.

ஒரு நாள் மூட்டை தூக்குகிற ஒருவர் ஊதினார். நைனா முகம் மாறிவிட்டது. “நீ நேத்துலர்ந்து ஒண்ணும் துன்ல. இது பட்டினி நாத்தம்,” என்று தன் தூக்குச் சட்டியைத் திறந்து அவர் கையில் திணித்தார். அன்றைக்கு நைனா மத்தியானம் டீயோடு சரி.

தன் வாயை அவர் காப்பாற்றிய அழகே தனி. வேப்பங்குச்சி, உப்புத் தண்ணீர், படிகாரக் கொப்பளிப்பு, எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பு. “ஊரு வாய மோந்து பாக்கறவன் வாயி நாறலாமா?” என்பார். அதில் அவருக்குக் கர்வம் என்றால் அப்படியொரு கர்வம்.

சாராயம் நாறினால் மட்டும் வைத்தியம் வேறு. காதைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, மானேஜர் காதில் விழும்படி கத்துவார்: “பல்லு சொத்த சார்! வாயி கலீஜா கீது, வூட்டுக்கு அனுப்சிட்டேன்!”

இப்படி எங்கள் பட்டறையில் திங்கட்கிழமை தோறும் பல்நோய் கொள்ளைநோயாகப் பரவியது. சம்மட்டி அடிக்கும் கன்னியப்பனும் ஒரு திங்கட்கிழமை அந்த நோயோடு வந்து நின்றான். நைனா காதோடு ஆளையே தூக்கிவிட்டார்.

“கொயந்த பொறந்து மாசங்கூட ஆவல. நீ ஜெயிலுக்குள்ள பூட்டா அதுக்கு யார்டா பாலு வாங்கித் தருவாங்க? பல்லு சொத்த சார்!”

எங்கள் மானேஜர் இளகிய மனசுக்காரர். ஆட்களின் பல் இப்படிப் போகிறதே என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. அந்த வாரக் கடைசியில், பட்டணத்திலிருந்து ஒரு பல் டாக்டரையே அழைத்துவந்து, வாசலில் நாற்காலி போட்டுவிட்டார். திங்கட்கிழமை வீட்டுக்குப் போனவர்கள் வரிசையில் நின்றார்கள். நைனா முகத்தில் ஈயாடவில்லை.

முதல் ஆள் வாயைத் திறந்தான். “ஈறெல்லாம் சீழ்,” என்றார் டாக்டர். அடுத்தவனுக்குக் கடைவாய் முழுக்கச் சொத்தை. பொய் மெய்யாகிக்கொண்டே போனதில் நைனாவே அசந்துபோனார். கடைசியில் கன்னியப்பன் உட்கார்ந்தான். தேங்காய்ச் சில்லு மாதிரி பற்கள். டாக்டர் நாக்கைப் பார்த்தார், ஈறுகளை அமுக்கினார், தொண்டைக்கும் விளக்கடித்தார்.

“இந்த வாய் நாற வழியே இல்லையே சார்!”

மானேஜர் மெல்லத் திரும்பினார். “அப்போ அன்னிக்கு நாறினது என்ன நைனா?”

கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். நைனா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அது என் வாயி சார்.”

“என்னது?”

“கிட்ட நின்னு மோந்து பாக்கறேனா, என் நாத்தத்த அவுனுதுன்னு நெனச்சிகினேன். வயசாச்சு சார். மூக்கும் பூட்ச்சி, வாயும் பூட்ச்சி.”

பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கன்னியப்பன் மட்டும் தலையைத் தூக்கவில்லை. டாக்டர் நைனாவை உட்காரவைத்து வாயைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தார். “ஆமாம், வைத்தியம் இவருக்குத்தான்,” என்று கொப்பளிக்க ஒரு சிவப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுவாரத்திலிருந்து ஆட்கள், “நைனா, மொதல்ல நீ ஊது!” என்று கலாய்த்தார்கள். கன்னியப்பன் மட்டும் தினமும் முதல் ஆளாக வந்து, கண்ணில் நீர் முட்ட ஊதிவிட்டுப் போவான். நைனா அதன் பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே!

என் ஜன்னலுக்கும் அவர் முகத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அவர் வேலையை விட்டுப் போகும் வரை அந்தத் துண்டைத் தாண்டி வந்தது கிராம்பு வாசனை ஒன்றுதான். இப்போதும் பக்கத்தில் யாராவது கிராம்பைக் கடித்தால், எனக்குக் கொஞ்ச நேரம் அந்த இடத்தை விட்டு நகர மனசு வருவதில்லை.