யாரும் பார்க்காத லண்டன்

சுந்தரலிங்கம் முதலாளி லண்டனைப் படம் எடுக்கும்போதெல்லாம் கடலைக்காரர் ஒருவர் அதற்குள் வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளிப் போங்களேன்."

"நீங்க எடுங்க ஐயா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று கடலைக்காரர் கூடையைச் சரிசெய்து, தலையை அழகாக ஒரு பக்கம் சாய்த்தார்.

முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டன் பூங்காவில் கடலைக்காரருக்கு என்ன வேலை? நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அவருக்கு வேலை உண்டு, அதை முதலாளி மறுக்கவில்லை. ஆனால் ஹட்டன் கடைத்தெரு முழுவதும் முதலாளி லண்டனில் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஊரே நம்புகிற ஒன்றை ஒரு கடலைக்கூடை வந்து கெடுப்பது எந்த ஊர் நியாயம்?

மகள் ஹம்சினியை லண்டனில் கட்டிக்கொடுத்த நாள் முதல், ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் அவருக்கு லண்டன் முதலாளி என்று பெயர். வருஷம் ஒரு தடவை போவார். திரும்பி வந்ததும் கோயில் மண்டபத்தில் திரை கட்டி, படம் காட்டி, விளக்கமும் சொல்வார். பாலம், மணிக்கூண்டு, அரண்மனை வாசல், வாசலில் சிப்பாய், சிப்பாய்க்குப் பக்கத்தில் முதலாளி.

போன வருஷம் படம் முடிந்து விளக்கைப் போட்டபோது எதிர்க்கடை ஜனார்த்தனன் எழுந்தார். ஆணி, கம்பி, பெயிண்ட் விற்பவர். தம்பி சுவிஸில் இருப்பதால் அவரும் வருஷா வருஷம் போய்வருவார். ஊர் அவரைச் சுவிஸ்காரர் என்றது. அவர் கொண்டுவரும் படங்கள் வேறு ரகம்: ஏரி, பசு, பனிமூட்டம். ஒரு படத்திலும் அவர் முகம் இருக்காது. தன்னைக் காட்டிக்கொள்ளாத மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

"அண்ணே, அதே பாலம், அதே மணிக்கூண்டு. சிப்பாய்கூட போன தடவ நின்ன அதே ஆளு. நீங்க லண்டன பாக்கப் போறீங்களா, அந்தப் பையனப் பாக்கப் போறீங்களா?"

மண்டபம் சிரித்தது. கோயில் ஐயரும் சிரித்தார். முதலாளிக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த இடத்திலேயே சபதம் செய்தார். அடுத்த தடவை மகளோடும் மருமகனோடும் சுற்றப்போவதில்லை. தன்னந்தனியாக நடந்து, யாரும் பார்க்காத லண்டனைக் கண்டுபிடித்து, அன்றன்றைக்கே மண்டபத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பழைய சரக்கு ஒன்று தென்பட்டாலும் தேர்த் திருவிழாத் தலைவர் பதவியை ஜனார்த்தனனே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அது தனக்கு. பத்து வருஷமாக அந்தப் பதவியில் இருப்பவர் ஜனார்த்தனன். வடத்தை முதலில் தொடுகிற கை அவருடையது.

விசா விண்ணப்பத்தையும் அதே வேகத்தில் நிரப்பினார். வழக்கமாக 'மகள் வீடு' என்று எழுதுவார். இந்தத் தடவை 'தனியாகப் புதிதாக ஏதாவது செய்ய' என்று எழுதினார். என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். போனால்தான் தெரியும் என்றார். வந்து என்ன செய்வேன் என்று சொல்ல மாட்டேன் என்கிற ஆளை எந்த நாடு உள்ளே விடும்?

விசா வருவதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. அந்த நாளை விட்டால் கார்த்திகை வரைக்கும் நாள் சரியில்லை என்று சோதிடர் கைவிரித்தார். சரி, விசா கொழும்பில் கைக்கு வரட்டும், புறப்பாடு ஹட்டனில் நடக்கட்டும் என்று ஏற்பாடானது. தேங்காய் உடைத்தார்கள், மாலை போட்டார்கள். லண்டனில் ஆள் உள்ளவர்கள் எல்லாரும் பொட்டலத்தோடு வந்தார்கள். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேச்சியம்மா பஸ் பிடித்து வந்து, லண்டனில் பெற்றோல் ஷெட்டில் வேலைபார்க்கும் மகன் லோஜனுக்கு மிளகாய்த்தூளும் நெத்திலிக் கருவாடும் கொடுத்தாள். கடையில் வாங்கியதில்லை, அவளே வறுத்து இடித்த தூள். அவன் இதற்காகவே நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கிறான் என்றாள்.

கொழும்பில் பாஸ்போர்ட் வந்தது. விசா வரவில்லை.

மனைவி ரத்னாவுக்கு மட்டும் போன் போட்டார்.

"வீட்டுக்கு வாங்க. ஊரு ரெண்டு நாளு சிரிக்கும். அப்புறம் சிரிக்க வேற ஆளு கெடைச்சிரும்."

"மாலை போட்டாங்க ரத்னா."

"அது அன்னைக்கே வாடிருச்சுங்க."

முதலாளி கேட்கவில்லை. குளிரும் பனியும் செங்கல் கட்டடமும் உள்ள ஊர் நாட்டில் நுவரெலியா ஒன்றுதான் என்று, அதற்கு இறங்கும் நானுஓயா ஸ்டேஷனுக்கு ரயில் ஏறிவிட்டார். அந்த ரயில் ஹட்டனில் நின்றுதான் போகும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஆத்திரத்தில் மறந்துபோயிற்று. ஊர் கூடி வழியனுப்பிய லண்டன் முதலாளி, ஹட்டன் ஸ்டேஷனில் வண்டி நின்ற நேரம் முழுக்க, மிளகாய்த்தூளைக் கட்டிப்பிடித்தபடி ரயில் கக்கூசுக்குள் நின்றார். கதவைத் தட்டியவர்களை இருமி விரட்டினார். அதில் ஒரு குரல் ஐயருடையது போலவும் இருந்தது.

நுவரெலியாவில் சந்தடி இல்லாத ஒரு விடுதியைப் பிடித்தார். பார்த்துக்கொள்பவர் வீரய்யா என்ற வயதான மனிதர். எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மற்ற விடுதிகளில் தேயிலை தெரியும் அறைக்குத்தான் மவுசு. வீரய்யாவோ ஜன்னலைத் திறந்து, "இதுல தேயிலையே தெரியாதுங்க ஐயா" என்று பெருமையாகச் சொன்னார். மகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி வாயைக் கட்டியாயிற்று என்று ரத்னாவிடமிருந்து செய்தி வந்தது. முதலாளி வேலையைத் தொடங்கினார்.

தொடக்கமே கோணல். காலை வெயிலில் பூங்காவின் வேலியோரத்தை எடுத்து, ஹட்டன் காலையில் கண்ணைத் துடைக்கும்போதே குழுவில் போட்டுவிட்டார். அங்கே இப்போது நடுராத்திரி இல்லையா என்று யாரோ கேட்டார்கள். கோடைகாலத்தில் லண்டனில் சூரியன் மறையாது என்று முதலாளி பதில் போட்டார். ஒரு காலத்தில் அவர்கள் ராஜ்யம் முழுக்க மறையாமல் நின்ற சூரியன்தானே, பழக்கம் விடவில்லை என்று குழு ஏற்றுக்கொண்டது.

அதன்பிறகு அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. குதிரைப்பந்தயத் திடலில் எலும்பு தெரிய மேய்ந்த மட்டக்குதிரையை எடுத்து, 'அரண்மனைக் குதிரை, விடுமுறையில்' என்று போட்டார். பெயர்ப்பலகையை வெட்டிவிட்டுச் செங்கல் தபாலகத்தை எடுத்து, 'தனியே நடப்பவன் மட்டும் காணும் தபாலகம்' என்று போட்டார். பாத்தி பாத்தியாக வெங்காயத்தாள் போல நிற்கும் லீக்ஸ் தோட்டம் ஒன்றையும் போட்டபோது, நானுஓயாவில் லீக்ஸ் போடும் ஒருவர், இது நம்ம தோட்டம் மாதிரியே இருக்கே ஐயா என்றார். வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து தூக்கிக்கொண்டு போனதில் லீக்ஸும் ஒன்று என்றார் முதலாளி. குழு கொதித்தது. தேயிலை போனது போதாதென்று லீக்ஸுமா என்று அன்று முழுவதும் கண்டனங்கள் வந்தவண்ணம் இருந்தன.

பாலத்துக்குக் கைதட்டாதவர்கள் லீக்ஸுக்குத் தட்டினார்கள். இதே குதிரையை வருஷா வருஷம் நுவரெலியாவில் நேரில் பார்த்து நாக்கூசாமல் திட்டிய ஊர், லண்டன் குதிரை என்றதும் அதன் எலும்பிலும் ராஜ களை கண்டது. முதலாளிக்கு இந்த ஊரை நினைத்துக் கோபம் வந்தது. ஆனால் தேர்த் தலைவர் பதவி பற்றி நாலுபேர் பேசத் தொடங்கியிருந்ததால் அந்தக் கோபத்தை அடக்கிக்கொண்டார்.

குளிர் கூடியது. வீரய்யா அலமாரியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு எடுத்துக் கொடுத்தார். யாரோ விட்டுப்போனதாம். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. பனிக்குள் அதைப் போட்டுக்கொண்டு நின்று, கண்ணாடிபோட்டு, முதல்முறையாகத் தன் படத்தையும் அனுப்பினார். வாழ்த்துகள் கொட்டின. ஜனார்த்தனனிடமிருந்து மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, கோட்டுல மூணாவது பித்தான் ஏன் பழுப்பு?"

முதலாளி பித்தானைப் பார்த்தார். மற்றதெல்லாம் கறுப்பு, அது பழுப்புத்தான். ஒரு மனுஷன் கடல் கடந்து போய் அரண்மனைக் குதிரையை விடுமுறையில் பிடித்துக் காட்டுகிறான், இவனுக்குப் பித்தான் கண்ணில் படுகிறது. லண்டனில் இப்போது அதுதான் நாகரிகம், சுவிஸுக்கு வந்துசேர நாளாகும் என்று சுடச்சுடப் பதில் எழுதினார். ஜனார்த்தனன் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. அடித்த அடி சரியாகப் பட்டிருக்கிறது என்று முதலாளி அன்றைக்கு இரண்டு இடியாப்பம் கூடச் சாப்பிட்டார்.

அப்போதுதான் பேச்சியம்மாவின் குரல் குழுவில் கேட்டது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. எம் மகன் தெனமும் போன் பண்ணி, ஐயா எப்ப வருவாரு, தூள் எப்ப வரும்னு கேக்குறான். குதிரையப் பாக்கப் போற வழியில அவனையும் ஒரு எட்டு பாத்துருங்க ஐயா."

குழு முழுக்க அதைக் கேட்டது. மற்றப் பொட்டலக்காரர்களுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலாளி அறையில் அடுக்கியிருந்த பொட்டலங்களைப் பார்த்தார். அறையே கருவாட்டு வாசம் அடித்தது. தனியே தூரத்தில் திரிவதால் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எந்தத் தபாலகம் என்று ஒருவர் கேட்டார். படத்தில் காட்டினேனே, அதே தபாலகம் என்றார்.

சொன்னதை மெய்யாக்க வேண்டும். அன்றைக்கே அதே செங்கல் கட்டடத்துக்குள் போய், விரைவுத் தபாலில் எல்லாவற்றையும் லண்டனுக்கு அனுப்பினார். தான் பேசியதில் இது ஒன்றாவது முழு உண்மை என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது.

விரைவுத் தபால் சொன்னபடி விரைந்தது. லோஜன் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா சந்தோஷம் தாங்காமல் அதைக் குழுவில் போட்டாள். படத்தில் லோஜன் கொஞ்சம், பொட்டலம் கொஞ்சம், மீதியெல்லாம் முத்திரை. இலங்கை முத்திரை. அதன்மேல் எவனும் வாசிக்கும்படியாக, கறுப்பு மையில், நுவரெலியா.

முதலாளி கட்டிலில் உட்கார்ந்தார். தேர் வடம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதல் ஆள் கேட்டார்: இது எப்படி ஐயா? இரண்டாம் ஆள் கேட்டார். ஐயரும் ஒரு கேள்விக்குறி போட்டார். பேச்சியம்மா மட்டும், எந்த ஊருத் தபாலா இருந்தா என்ன, எம் புள்ள கையில சேந்துருச்சு என்றாள். அந்த ஆதரவு நிலைமையை மோசமாக்கியது.

அந்த நேரத்தில் ஜனார்த்தனன் வாய் திறந்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தக் குரல்செய்தியைக் கேட்டார்.

"வெளிநாடு தெரியாதவங்க பேசக்கூடாதுங்க. லண்டன்ல நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு தபாலகம் இருக்கு. அங்க நம்ம முத்திரையத்தான் குத்துவாங்க. சுவிஸ்லயும் இருக்கு, நான் அதுலதான் அனுப்புவேன். அண்ணன் மேல சந்தேகப்பட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். தேருக்கு இந்த வருஷம் அவருதான் தலைவரு."

எதிராளியே சொன்ன பிறகு சந்தேகம் எங்கே நிற்கும்? குழு மன்னிப்புக் கேட்டது. ஐயர் கேள்விக்குறியை அழித்தார். திரும்பி வரும் நாளில் கடைத்தெருவே மாலையோடு வேனை எதிர்கொள்ளப்போவதாக ரத்னா போனில் சொன்னாள். அவள் குரலிலும் ஒரு மரியாதை இருந்தது. அது முதலாளிக்கு இன்னும் பயமாக இருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவர் கொதித்தார். பத்து வருஷம் பிடித்து வைத்திருந்த பதவியை ஒருவன் எதற்கு இப்படித் தூக்கிக் கொடுக்கிறான்? இல்லாத தபாலகத்தைச் சுவிஸில் எதற்குத் திறக்கிறான்? மாலை போடும் கூட்டத்தின் நடுவில் வைத்துத் தன்னை உரிக்கத்தான் இந்தப் பொய்யன் குழி வெட்டுகிறான். பொய் சொல்லக் கூசாத இப்படிப்பட்டவனை ஊர் எப்படி நம்பித் தேரைக் கொடுத்தது என்று முதலாளி பொருமினார்.

லண்டனிலிருந்து திரும்பும் நாள் வந்தது. பெட்டியை வீரய்யா வேன் வரைக்கும் தூக்கிவந்தார். ஏறப்போன முதலாளி மனசு கேளாமல் திரும்பி, வீரய்யாவிடமே பொரிந்தார்.

"நீங்களே சொல்லுங்க. எனக்கும் அந்த ஆளுக்கும் ஜென்மப் பகை. எதுக்குய்யா என்னயக் காப்பாத்துறான்?"

வீரய்யா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பணிவாகக் கையை நீட்டினார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க ஐயா, அடுத்த மாசம் சுவிஸ் ஐயா வர்றாரு, வந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பாரு."