பதினேழாவது கேள்வி

மகனின் அறையைக் காலி செய்துவிடுவது என்று அப்பாதுரை முடிவெடுத்தார். முடிவெடுப்பதெல்லாம் அவருக்குச் சுலபம். அதை மனைவி ஜெரூஷாவிடம் சொல்வதுதான் முப்பத்தோரு வருஷமாகக் கைகூடவில்லை.

அறை தீனாவுடையது. கொரோனா இரண்டாவது அலையில் எட்டே நாளில் போய்விட்டான். இருபத்தாறு வயது. கதவுக்குப் பின்னால் அவனுடைய கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. மேஜைமேல் ஹெல்மெட் இருக்கிறது.

இரண்டு தடவை பேச்சை எடுத்துப் பார்த்தார். முதல் தடவை ஜெரூஷா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டாம் தடவை அவள் ஏற்கெனவே சமையலறையில் இருந்தாள். போக வேறு இடமில்லாமல் அங்கேயே நின்று அழுதாள். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

மனைவியிடம் நேராகப் பேச முடியாதவன் பொருளாதாரத்தின் உதவியை நாட வேண்டியதுதான். அப்பாதுரை நாடினார். ஓய்வுபெற்ற பேராசிரியர் அவர். தாம்பரத்தில் ஓர் ஆய்வு மையத்தில் பகல் ஒரு மணிவரை வேலை பார்க்கிறார். 'கம்பெனிகள், வரி கட்டுவோர், நீடித்து வாழும் குடியிருப்புகள்' என்று ஓர் ஆய்வு அப்போது அவர் கையில் இருந்தது. தலைப்பு நீளமே தவிர, விஷயம் சின்னது. கம்பெனிகளில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை. அவர்களுக்காக ஏரிக்கரைவரை மனை போடுகிறார்கள். அங்கே ரோடும் குழாயும் போட வரிப்பணம் போகிறது. இங்கே சேலையூரிலோ வீட்டுக்கு ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அந்த அறைகளைத் திறந்தால் ஏரியும் பிழைக்கும், வரியும் மிஞ்சும்.

ஆய்வுப் படிவத்தை ஒரு மாதம் உட்கார்ந்து தயாரித்தார். கண்ணாடி மட்டும் ஒத்துழைத்திருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருப்பார். அந்தக் கண்ணாடி தினமும் மத்தியானம் தொலைந்துபோகும். நாலரைக்கு ஜெரூஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பத்தாவது நிமிஷம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும். வயதானால் மறதி வரும், தேடிக் கொடுக்க மனைவி இருக்கிறாள் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

பதினேழாவது கேள்வி இது: 'உங்கள் வீட்டில் பயன்பாட்டில் இல்லாத அறைகள் எத்தனை?'

அந்தக் கேள்வியே ஜெரூஷாவுக்காக வைத்ததுதான். அவள் கணக்கு டீச்சர். படிவத்தில் பொய் சொல்ல மாட்டாள். அந்நியர் யாராவது கேட்டால் 'ஒன்று' என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லிவிட்டால் போதும், 'நீயே சொன்னியே' என்று பிடித்துக்கொள்ளலாம். யாரும் வீட்டுக்குப் போகாமலே படிவத்தை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார்: 'மேற்கண்ட தகவல்கள் உண்மை என நேரில் அறிந்து சான்றளிக்கிறேன்.'

நூற்றிருபது வீடுகளைக் குலுக்கலில் எடுத்தார்கள். கடைசிச் சீட்டை ஆய்வு உதவியாளர் ரூக்சார் பிரித்தாள்.

"சார், இது உங்க வீடு இல்ல?"

"குலுக்கல்மா. நாம என்ன பண்ண முடியும்?"

"இந்தச் சீட்டுக்கு மட்டும் மூலை மடிஞ்சிருக்கே சார்."

"அதுவும் தற்செயல்தான். என் வீட்டுக்கு நான் போகக் கூடாது. நீ போய்ட்டு வா."

மறுநாள் படிவம் வந்தது. படுக்கை அறைகள்: இரண்டு. வசிப்பவர்கள்: இரண்டு பேர், கணவன் மனைவி. பயன்பாட்டில் இல்லாத அறைகள்: பூஜ்யம்.

அப்பாதுரைக்கு உள்ளூரக் குஷி. கணக்கு டீச்சர் கணக்கில் மாட்டிக்கொண்டாள். தகவல் இடித்தால் மேற்பார்வையாளர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அன்றும் வழக்கம்போல் மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், நாலு மணிக்கே வெளியே கிளம்பி, ஜெரூஷா வீட்டுக்குள் நுழையும்வரை கேம்ப் ரோடு முனையில் காத்திருந்தார். பிறகு தன் வீட்டு மணியைத் தானே அடித்தார்.

"சாவி எங்க?" என்றாள் ஜெரூஷா.

"நான் மேற்பார்வையாளரா வந்திருக்கேன்."

"சரி. செருப்பைக் கழட்டிட்டு வாங்க, மேற்பார்வையாளர்."

சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பதினேழாவது கேள்வி அவருக்கு மனப்பாடம்.

"காலி ரூம் பூஜ்யம்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"ரெண்டு ரூம்ல ஒண்ணுலதான நாம படுக்கறோம். அப்ப இன்னொண்ணு?"

"உபயோகத்துல இருக்கு."

"யாரு உபயோகிக்கறா?"

"பேரு சொல்ல வேணாம், ரகசியமா வச்சுப்போம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"மேற்பார்வையாளர்கிட்ட சொல்லலாம்."

"குடும்பத் தலைவர்."

அப்பாதுரையின் பேனா நின்றது.

"தினமும் மத்தியானம்," என்றாள் ஜெரூஷா. "கட்டில்ல, கால்மாட்டுல. தலைமாட்டுப் பக்கம் உட்கார மாட்டார்."

"நேர்ல பார்த்தியா?"

"பாக்கல. பெட்ஷீட் அந்த எடத்துல மட்டும் குழிஞ்சிருக்கும். வந்ததும் இழுத்து விட்டுடுவேன்."

"பெட்ஷீட்டெல்லாம் ஒரு ஆதாரமா?" என்றபடி அடுத்த கேள்வியைப் படிக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். கண்ணாடி இல்லை.

ஜெரூஷா எழுந்தாள். தீனாவின் அறைக்குள் போய், கண்ணாடியோடு திரும்பி வந்தாள்.

"ஹெல்மெட் பக்கத்துல இருந்துச்சு. எப்பவும் அங்கதான் இருக்கும். அழறதுக்கு முன்னால கழட்டி வைப்பீங்க போல."

அப்பாதுரை கண்ணாடியை வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாது என்றிருந்தார். அந்த அறை போய்விட்டால் அழுகிற மத்தியானங்களும் போய்விடும் என்று நம்பியிருந்தார். ஏரி, வரி, கம்பெனி எல்லாம் அதற்காகத்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

"ஏன் ஜெரூ சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்." என்றாள் ஜெரூஷா. "ரூமைக் காலி பண்ணிட்டா மத்தியானம் எங்க போவீங்க? எனக்குன்னா சமையக்கட்டு இருக்கு."



அப்பாதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த கேள்வியைப் பார்த்தார். அப்போதும் எழுத்து கலங்கியே தெரிந்தது. ஜெரூஷாவே வாங்கிப் படித்தாள்.

"அறையை வாடகைக்கு விடச் சம்மதமா?"

"நீதான் சொல்லணும்."

"குடியிருக்கறவரைக் கேட்டுத்தான் சொல்லணும்," என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். 'இல்லை' என்று எழுதினாள். பிறகு படிவத்தின் கடைசி வரியை விரலால் காட்டினாள்.

"பெட்ஷீட் இன்னும் குழிஞ்சுதான் இருக்கு. போய்ப் பாக்கறீங்களா, இல்ல தெரியுமா?"

"தெரியும்," என்றார் அப்பாதுரை.

மேற்கண்ட தகவல்கள் உண்மை என நேரில் அறிந்து சான்றளித்து, அதன் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.