பிரிவுத் துயரை நான் படம் எடுத்த கதை

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு நிமிடப் படம். ஒரே ஒரு காட்சிதான் ஓடியது. இரண்டாவது முறை யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று இன்றுவரை வேண்டிக்கொண்டிருக்கும் இயக்குநர் அநேகமாக நான் ஒருவன்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். வயது இருபத்தைந்து. ஜிப்பா, தோளில் சணல் பை, தாடி. (தாடி ஒரு பக்கம்தான் ஒழுங்காக வளர்ந்தது. அது தனி சோகம்.) பதினோராம் வகுப்புக்குத் துணைப்பாடமாக ஒரு நாவல் வைத்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறி வரும் குடும்பத்தின் கதை. மூத்த மகள் அங்கேயே தங்கிவிடுவாள். கடைசியில் அவள் இறந்துபோன செய்தி வரும். நான் உருகி உருகி வாசிப்பேன். பிள்ளைகள் தூங்குவார்கள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே என் குரல். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் மதுரையில் ஓர் ஆசிரியர் பயிற்சி. அங்கே பேசிய ஒருவர், நாவலைப் பிள்ளைகளுக்கு விளக்காதீர்கள், அதிலிருந்து பாட்டுக் கட்டச் சொல்லுங்கள், வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், கரு தானாக மனதில் இறங்கும் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் விழித்திருந்து அதைக் கேட்டவன் நான்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு குழு பாட்டு, ஒரு குழு வீடியோ. கரு: பிரிவு.

பாட்டுக் குழு, “கப்பலேறிப் போறோமே, கண்ண விட்டுப் போறோமே” என்று அருமையாக எழுதிவிட்டது. ஆனால் அது தைப்பூச நேரம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் பம்பைச் சத்தம் தவிர வேறு தாளம் அந்தப் பையன்களின் கைக்கு வரவில்லை. பிரிவுத் துயரம் காவடிச் சத்தத்தில் துள்ளியது. மாற்றச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் வேகமாக அடித்தார்கள்.

வீடியோக் குழுவில் மல்லிகா இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அன்று தானாக எழுந்து, “சார், எங்கப்பாவும் அந்த மாதிரி கப்பல்ல வந்தவருதான்” என்றாள். புதையல் கிடைத்ததுபோல் துள்ளினேன்.

மல்லிகாவின் அப்பா கருப்பையா மிளகுத் தோட்டத்தில் கூலிவேலை பார்த்தார். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கல்யாண வீடியோ எடுக்கும் என் மாமன் மகன் முருகேசனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் வேலைக்குப் போகாமல், துவைத்த சட்டையோடு காத்திருந்தார்.

“எங்களுக்கு இந்தியான்னு பேரு பதிஞ்சு போச்சுங்க சார். அக்காவக் கட்டிக் குடுத்த எடத்துக்கு அங்கிட்டே பதிஞ்சுருச்சு. நாங்க தோட்டத்து லயத்து வீட்ட விட்டுக் கெளம்புறப்ப பாக்கியம் அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்துச்சு. கொஞ்ச வருசம் கடுதாசி வந்துச்சு. அப்பறம் இல்ல.”

அவ்வளவுதான். குரல் உடையவில்லை, கண் கலங்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

“அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் உணர்ச்சியா.”

ஆறு தடவை சொல்லவைத்தேன். ஆறு தடவையும், மிளகு காயப்போட்டதைச் சொல்வதுபோல் அதே நிதானத்தில் சொன்னார். கிளம்பும்போது, வீட்டிலிருந்த, பாக்கியம் அக்காவின் ஒரே ஒரு படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேசட்டையும் படத்தையும் முருகேசனிடம் கொடுத்து, “ஒன்னையும் வெட்டிராத மாப்ள, எல்லாமே பொக்கிஷம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். தை முகூர்த்த நெருக்கடியில் இருந்த அவன் தலையை மட்டும் ஆட்டினான். சீடி வந்து சேர்ந்தது, படத்தைத் திரையிட வேண்டிய பெற்றோர் தினத்தன்று காலையில்தான், பஸ் கண்டக்டர் கையில். போட்டுப் பார்க்க நேரமில்லை. (நேரம் இருந்தது. நான் கண்ணாடி முன்னால் தாடியைச் சீவிக்கொண்டிருந்தேன்.)

முதலில் பாட்டு. பம்பை முழங்கிய வேகத்தில் பெற்றோர் வரிசையில் ஓர் அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. விபூதி தேடி நாலு பேர் ஓடினார்கள். கூட்டம் ஒருவழியாக அடங்கியதும், “அடுத்து, பிரிவின் வலியைச் சொல்லும் குறும்படம்” என்று மைக்கில் அறிவித்தேன்.

திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டியது. இரண்டு புறாக்கள் பறந்து வந்தன. “படம் மொட்டையா இருந்துச்சு மாப்ள” என்று பின்னால் முருகேசன் விளக்கம் சொன்னான். தன்னிடம் இருந்த கல்யாண அலங்காரங்களை ஒன்று விடாமல் சேர்த்திருந்தான். கருப்பையா கப்பலைப் பற்றிப் பேசும்போது பின்னணியில் நாதஸ்வரம். பிறகு இரண்டு இதய வடிவங்கள் சுழன்று வந்து நின்றன. ஒன்றில் கருப்பையா. இன்னொன்றில் பாக்கியம் அக்கா.

அரங்கமே சிரித்தது. இரண்டாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கருப்பையா சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தின்மேல் ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டே இருந்தன.

சீடியை நிறுத்த எழுந்தேன். அதற்குள் திரையிலிருந்து என் குரல் கேட்டது. அப்படி ஒன்றைக் கேட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“அண்ணே, அக்கா செத்துப்போச்சுன்னு சொல்லிருங்களேன். நாவல்ல அப்பிடித்தான் வருது. படத்துக்கும் நல்லா இருக்கும்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. திரையில் கருப்பையா அதே நிதானத்தில் பதில் சொன்னார்.

“இல்லீங்க சார். அத என் வாயால சொல்ல மாட்டேன். அப்பிடி ஒரு சேதி வராத வரைக்கும் அக்கா இருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் இறங்காத கரு, அந்த ஒரு நிமிடத்தில் அரங்கத்தில் எல்லோருக்கும் இறங்கிவிட்டது. பயிற்சியில் சொன்னது உண்மைதான். நான் மட்டும் கையில் மைக்கோடு, இறங்க ஒரு குழி கிடைக்குமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கருப்பையா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சார், அக்கா போட்டோவ மட்டும் குடுத்துருங்க” என்றார். அது முருகேசனிடம் இருந்தது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். முருகேசன் கடையில் அரை நாள் தேடி, யாரோ ஒரு மணப்பெண்ணின் ஆல்பத்துக்குள் இருந்து படத்தை எடுத்தோம். நான் மேலே வந்து சேர்ந்தபோது தோட்டம் முழுக்கப் பனி மூடியிருந்தது. மிளகு பறித்துக்கொண்டிருந்த கருப்பையா ஏணியிலிருந்து இறங்கி வந்து, கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார்.

“மன்னிச்சிருங்கண்ணே. புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டேன்.”

“நீங்க கேட்டது கூடப் பெருசில்ல சார். சின்ன வயசு. ஆனா போட்டோ மேல பூ விழுந்துச்சு பாருங்க, அதுதான் வீட்டுல பொம்பளைக்கு மனசு ஆறல. உசுரோட இருக்கவுக படத்துக்கு யாரு சார் பூப் போடுவாக?”

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

மல்லிகா ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த ஆண்டு முடியும்வரை என் வகுப்பில் அவள் வாய் திறக்கவே இல்லை. பரீட்சையில், நாவலின் கருவை விளக்குக என்ற கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். அதற்குப் பூஜ்யம் போட எனக்குத்தான் கை வரவில்லை.

அன்று அந்த அரங்கில் சாமி வந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர்தான் இப்போது என் மனைவி. அதனால் இந்தக் கதை வீட்டில் யாருக்கும் மறக்க வாய்ப்பில்லை. பிறந்தநாளோ காதுகுத்தோ, நான் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், என் மகள் ஊரே கேட்கக் கத்துவாள்: “அப்பா, யாரையும் சாகடிச்சிராம எடுங்க!”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, செல்போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.