ஆயிரத்தில் எரியாத பல்பு

இரும வேண்டிய இடம் வருவதற்குள் பல்பு பளிச்சென்று எரிந்துவிட்டது. இயற்பியல் விரிவுரையாளர் பக்கத்து அறைச் சுவரை முறைத்தார்.

மேசைமேல் ரெசிஸ்டர், காயில் என்கிற கம்பிச்சுருள், கெப்பாசிட்டர், சின்ன பல்பு, எல்லாம் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருந்தன. மின்னோட்டத்தைக் காயில் பின்னால் இழுக்கும், கெப்பாசிட்டர் முன்னால் தள்ளும். அதிர்வெண்ணைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டு பேரும் சரிக்குச் சரியாகி, பல்பு பிரகாசிக்கும். அதுதான் ஒத்ததிர்வு. அது ஆயிரம் ஹெர்ட்ஸில் வரும் என்பது அவர் போட்ட கணக்கு.

வருஷா வருஷம் திருகுக் குமிழை நேரே ஆயிரத்தில் கொண்டுபோய் வைப்பார். பல்பு கண்ணைக்கூடச் சிமிட்டாது. "எரிஞ்சதா எழுதிக்குங்க" என்பார். விடையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வயரைத் தொடுவதுதான் அந்த ஆய்வகத்தின் சம்பிரதாயம். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆயிரம் சார்'.

இன்று தேர்வுக்குழு வந்திருந்தது. சோதனை தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் ஓர் ஏற்பாடு. ஆயிரம் வந்ததும் சார் இருமுவார். பக்கத்து அறையிலிருந்து ஆய்வக உதவியாளர் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுவார்.

குழுத் தலைவியோ, "அடியிலேருந்து மெதுவா திருப்புங்க" என்று சொல்லிவிட்டார். நூற்றறுபதிலேயே பல்பு எரிந்து தொலைத்தது.

'அவசரக்குடுக்கை' என்று உதவியாளரை மனதுக்குள் திட்டினார் ஆயிரம் சார்.

"அது லூஸ் கனெக்‌ஷன் மேடம். கண்டுக்காதீங்க."

மேலே திருப்பினார். பல்பு மங்கியது. ஆயிரத்தில் நிறுத்தி இருமினார். ஒன்றுமில்லை. தொண்டை கிழிய இருமினார். இளைய உறுப்பினர் தண்ணீர் கொடுத்ததுதான் மிச்சம்.

"பழைய இடத்துக்கே போங்க," என்றார் தலைவி.

போனார். எரிந்தது. இப்போதுதான் இருமல் காதில் விழுந்ததாக்கும் என்று பல்லைக் கடித்தார்.

"கெப்பாசிட்டரை எடுத்துட்டு வயரை நேரா மாட்டுங்க."

மாட்டினார். மங்கியது. கெப்பாசிட்டரைத் திரும்ப வைத்தார். எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஆள் விளையாடுகிறான் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த அலை காட்டற திரையைப் பாருங்க," என்றார் இளையவர் உற்சாகமாக. "மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குது. கட்ட வேறுபாடே இல்ல."

இதை எப்படிச் செய்தான் என்று ஆயிரம் சாருக்கு விளங்கவில்லை. வாங்குகிற சம்பளத்துக்கு மேல் வேலை பார்க்கிறவனை அவர் அதுவரை கண்டதில்லை.

"நல்லா இருக்கு," என்றார் தலைவி, பேனாவைத் திறந்தபடி. "நீங்க எழுதின சார்ட்ல மட்டும் ஆயிரம்னு இருக்கே. கணக்குல ரெண்டு பையால வகுக்கறது விட்டுப்போச்சா? திருத்திட்டா முடிஞ்சது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கணக்கில் கை வைத்தால் அவருக்குப் பொறுக்காது.

"என் கணக்கு தப்பாகாது. பல்புதான் தப்பு."

"பல்பு எப்படிங்க தப்பாகும்?"

"அது தானா எரியல மேடம். பக்கத்து ரூம்ல ஆள் வெச்சு எரிய வைக்கிறேன். நான் இருமினா ஏத்தணும்னு சொல்லியிருந்தேன். அந்த மடையன் கண்ட நேரத்துல ஏத்திட்டான். மத்தபடி கணக்கு ரொம்ப சரி."

இளையவர் தலைவியைப் பார்த்தார். தலைவி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். போனது வேலை என்று அப்போதுதான் ஆயிரம் சாருக்கு உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு உதவியாளர் தலையை நீட்டினார்.

"சார், அந்த ரூம் சாவிய நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்க. இவ்வளவு நேரமா வெளியிலதான் நிக்கிறேன். இன்னும் ஆரம்பிக்கலையே?"