கடல காயப்போட்ட கதை

பொய் சொல்லி மாட்டுனவங்கள நெறயப் பாத்திருக்கேன். உண்மையச் சொல்லி மாட்டுனவன் எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான். இந்தக் கதையச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. கேக்குறவங்களுக்குத்தான் அலுக்க மாட்டேங்குது. அவங்களா இஷ்டத்துக்குச் சேத்துச் சொல்றதுக்கு, நானே ஒரு தடவ எழுதிப்புடுறேன்.

டிவிப் பொட்டி எங்க பக்கம் எட்டிப் பாக்காத காலம். எட்டாவதுல ரெண்டு தடவ உக்காந்து பாத்துட்டு, பள்ளிக்கூடத்த நான் பெயிலாக்கிட்டேன். செயங்கொண்டத்துல மணியண்ணன் வெச்சிருந்த போட்டோ ஸ்டுடியோவுல வேலைக்கு நின்னேன். வேலன்னா, கல்யாணத்துல லைட்டப் புடிக்கிறது, கிராக்கிக்குச் சீப்பு எடுத்துக் குடுக்குறது, பவுடர் டப்பாவ ஒளிச்சு வெக்கிறது. (விட்டா ஒரே கிராக்கி பாதி டப்பாவ அப்பிக்கிட்டுப் போயிரும்.)

ஸ்டுடியோவுல பின்னாடி தொங்குற சீன் துணி ஒண்ணே ஒண்ணு. மாடிப்படி, பக்கத்துல பூந்தொட்டி. சுத்துப்பட்டுல கல்யாணமான சோடி பூராவும் அந்தப் படியிலதான் நின்னுச்சு. ஒருத்தர் வூட்லயும் மாடி கெடயாது. எதுத்த ஸ்டுடியோக்காரன் அருவி சீன் மாட்டுனான், எங்க கிராக்கியெல்லாம் அங்க போயிருச்சு.

மணியண்ணன் என்னக் கூப்புட்டாரு. "டேய், நாம கடல் போடுறோம். சூரியன் தண்ணிக்குள்ள முழுவுற மாதிரி. பெயிண்டரு கடலப் பாத்ததே இல்லயாம், படம் கேக்குறான். பூம்புகாரு போயி எடுத்துட்டு வா. ஒரு ரோலு, பன்னெண்டு படம். வானம் விதவிதமா இருக்கணும். நல்லா வந்துச்சுன்னா, தை மாசத்துலேருந்து கல்யாணத்துக்கு நீயே தனியாப் போயி எடு."

தனியா! எனக்குத் தலகால் புரியல. நானும் கடலப் பாத்ததில்லன்னு அவருகிட்டச் சொல்லல. அவரு கேக்கவும் இல்ல.

இடைஞ்சல் எங்கப்பாதான். எங்க ஊரு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம். எங்க கொல்லையில (புஞ்சக் காட்ட எங்க பக்கம் கொல்லைம்பாங்க) கடலை புடுங்கி, களத்துல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "மூஞ்சியக் காயிதத்துல ஒட்டுறதெல்லாம் ஒரு பொழப்பா?"ம்பாரு அப்பா. படம் புடிக்க வெளியூரு போறேன்னா காலை ஒடிச்சிருவாரு. அப்பத்தான் என் கோணப்புத்தி வேல செஞ்சுச்சு.

"அப்பா, மணியண்ணனுக்குக் கடல எடுக்கப் போறேன்."

கடலை வேற, கடல் வேற. ஆனா எங்க பேச்சுல ரெண்டுக்கும் 'கடல எடுக்க'தான். எங்க ஊர்ல அதக் கேட்டா வேர்க்கடலதான் நெனப்புக்கு வரும். வேற கடலு அங்க ஏது?

அப்பா மொகம் நான் கலெக்டர் ஆயிட்ட மாதிரி மலந்து போச்சு. "போட்டோக்காரனுக்குக் கொல்ல இருக்கா?"

"கண்ணுக்கெட்டுன மட்டும் ஒரே கொல்லதான்பா."

"தண்ணி வசதி?"

"தண்ணிக்கா பஞ்சம்!"

"அப்ப கூலியக் கடலையாவே வாங்கிட்டு வா. வெதைக்கு ஆவும்"னு ஒரு சாக்கு குடுத்தாரு. அம்மா புளிச்சோறு கட்டிக் குடுத்துச்சு. நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய்யில்லன்னு என் மனசாட்சி சொல்லுச்சு. (அதுவும் எட்டாவது பெயிலு.)

கேமராவச் சாக்குக்குள்ள மறச்சுக்கிட்டு, மூணு பஸ்ஸு மாறி, உச்சி வெயில்ல போயி எறங்குனேன். புதுத் தகரத்த விரிச்சுப் போட்டாப்ல பளபளன்னு கெடக்குது கடலு. வாயப் பொளந்துக்கிட்டு கரையோரமா நடந்தேன். எங்க ஊரு வானம் விடிஞ்சா ஒண்ணு, சாஞ்சா ஒண்ணுன்னு ஒழுங்கா இருக்கும். இங்க கால்மணிக்கு ஒரு சட்ட மாத்துது. மாடு படுத்த மாதிரி ஒரு மேகம், எடுத்தேன். ரோலச் சுத்துறதுக்குள்ள அது மணியண்ணன் மூக்காட்டம் ஆயிருச்சு, அதயும் எடுத்தேன். தண்ணி நீலமாச்சு, அப்புறம் சாம்பலாச்சு, ரெண்டையும் எடுத்தேன். (ரோலு கறுப்பு வெள்ளங்கிறது அப்ப ஞாபகத்துல இல்ல.) நாலு மணிக்குள்ள பதினொண்ணு காலி. மணலு செருப்பப் புடிச்சு இழுத்து இழுத்து, கெண்டக்கால் ரெண்டும் கல்லாப் போச்சு.

மிச்சம் ஒண்ணு, சூரியன் முழுவுறதுக்கு. கேமராவக் கடலப் பாக்கப் புடிச்சுக்கிட்டு நின்னேன், நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன்.

மீன் கூடையோட போன ஒரு அக்கா கேட்டுச்சு. "யாருக்குத் தம்பி காத்துக் கெடக்குற?"

"சூரியன் எறங்கட்டும்னு நிக்கிறேங்க்கா."

"எங்க எறங்கணும்?"

"கடல்ல."

அக்கா கூடைய எறக்கி வெச்சுட்டுச் சிரிச்சுச்சு. "திரும்பிப் பாரு ராசா."

முதுகுக்குப் பின்னாடி, சவுக்குத் தோப்புக்குள்ள பாதிச் சூரியன் போயிருச்சு.

சூரியன் மேக்க மறையும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா காலண்டர்ல பூரா அது கடல்லதான முழுவுது! நம்ம கடலு கெழக்க இருக்குன்னு எந்தக் காலண்டர்காரன் சொன்னான்?

"காத்தால வா, உள்ளேர்ந்து எழும்பும்"னுச்சு அக்கா.

"எழும்புறதுக்கும் முழுவுறதுக்கும் படத்துல வித்தியாசம் தெரியுமாக்கா?"

"சூரியனுக்கே தெரியாது, போ."

கரையிலயே சுருண்டு கெடந்துட்டு, விடியக்காத்தால எந்திரிச்சு எடுத்தேன். பாதிச் சூரியன், அதுக்குக் குறுக்க ஒரு கட்டுமரம் தானா வந்துச்சு. என் ஆயுசுல அதவிட நல்ல படம் நான் எடுத்ததில்ல. ரோலக் கழட்டி, வெளிச்சம் படாமத் துண்டுல சுத்தி, சாக்குக்குள்ள வெச்சுக் கட்டுனேன்.

நேரா செயங்கொண்டம் போயிருக்கணும். ஆனா பஸ்ஸு எங்க ஊரத் தாண்டித்தான் போவுது. ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. அரமணி நேரம் சாஞ்சுட்டுப் போவோம்னு எறங்கிட்டேன். கேமராவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வூட்டுல விழுந்தவன், முழிச்சுப் பாத்தா சாக்கக் காணோம்.

களத்துக்கு ஓடுனேன். கடலை காயுது. பக்கத்துல என் சாக்க விரிச்சு, அதுமேல பாம்பு கணக்கா நீட்டமா என் ரோலு. காத்துல பறக்காம இருக்க ரெண்டு முனையிலயும் கல்லு வேற. சுள்ளுன்னு வெயிலு.

"கடல எங்கடா?"ன்னாரு அப்பா. "சாக்குல ஒரு துண்டும் இந்தச் சுருளுந்தான் இருந்துச்சு."

கையக் காட்டுனேன். "அதான்பா கடல."

அப்பா அதப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "நமுத்துக் கெடந்துச்சேன்னு காயப்போட்டேன்டா."

மணியண்ணன் ரோலக் கழுவி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கறுப்பு. "எங்கடா கடலு?"

"வத்திப் போச்சுண்ணே."

"தை மாசம் லைட்டப் புடி"ன்னாரு. அந்தத் தையோட போச்சா? அப்புறம் ஏழு தையும் நான்தான் லைட்டு. கை இன்னிக்கும் வலிக்குது.

ரோலு போனாலும் சீன் வேணுமே. பெயிண்டருக்கு நான் வாயாலயே கடலச் சொன்னேன். "அல எப்படி இருக்கும்?"ன்னு கேட்டாரு. "கடலக் கொல்லையில காத்தடிச்சாச் செடி மடங்குமே, அப்படி"ன்னேன். மனுசன் அப்படியே வரஞ்சுட்டாரு, எலையெலயா.

என் கல்யாணப் போட்டோவும் அந்தச் சீன் முன்னாடி எடுத்ததுதான். நானும் என் பொண்டாட்டியும், கூட எங்கப்பா. வூட்டுக்கு வர்றவங்க அதப் பாத்துட்டு, "எந்தக் கொல்லையில எடுத்தது? நல்லா வெளஞ்சிருக்கே!"ம்பாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அப்பா முந்திக்குவாரு.

"அது கடலுங்க. எடுத்தது இவன், காயப்போட்டது நானு."