தார்பாய் பாய் பார்த்த லாரி சினிமா

தொலைந்துபோனதைத் தேடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். இருந்ததா இல்லையா என்றே தெரியாத ஒன்றை, அடுத்தவன் ஸ்கூட்டரில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த அடுத்தவனையே 'உனக்குக் கண்ணு தெரியலையா' என்று திட்டிக்கொண்டு தேடுகிற ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தார்பாய் பாய். அந்த அடுத்தவன், அடியேன்.

தருமபுரியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. லாரிகளுக்குத் தார்பாய் தைப்பார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். தபால்காரரே அதை மறந்து பல வருஷம் ஆகிறது. என்னை அவர் 'ஜெராக்ஸு' என்பார். ஒரு காலத்தில் லாரி டிரைவராக இருந்தவர். இடது முட்டி மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஊசியைப் பிடித்தார். என் ஸ்கூட்டரில் ஏறினால் அந்தக் கால் பக்கவாட்டில் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். நான் நேராகப் போனாலும், பின்னால் வருகிறவன் நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து பிரேக் போடுவான்.

லாரி ஓட்டிய தோஷமோ என்னவோ, பாய் எந்தக் கதையையும் ரிவர்ஸில்தான் சொல்வார். "மூக்குல தையல் போட்டாங்க" என்று ஆரம்பிப்பார். அப்புறம் ஆஸ்பத்திரி வரும். அதற்கப்புறம் அடிதடி. கடைசியில்தான், "காலைல பல்லு வெளக்கிட்டு வெளிய வந்தனா..." என்று முடிப்பார். கேட்கிறவன் பல் விளக்கியதற்கா அடி விழுந்தது என்று குழம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவான்.

ஒரு சாயங்காலம் டீக்காக அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஏதோ வெளிநாட்டில் ஜனங்கள் காரைவிட்டு இறங்காமலே சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சிரித்தார்.

"இவனுங்க இப்பத்தான் பாக்கறானுங்க. நாம கல்யாணம் ஆன புதுசுலயே லாரில உக்காந்து டிரைவ்-இன்ல படம் பாத்தாச்சு. இல்ல?"

கேள்வி அவர் மனைவிக்கு. டீயை ஆற்றிக்கொண்டிருந்த பாயம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"யாரு பாத்தது?"

"நாமதான். நீயும் நானும்."

"லாரில உக்காந்து நான் ஒரு படமும் பாக்கலையே."

"பக்கத்துல உக்காந்திருந்தியே!"

"பக்கத்துல எவளோ உக்காந்திருக்கா. அது நான் இல்ல."

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து வாய் என்னைக் கேட்காமலே பேச ஆரம்பித்துவிடும். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குங்க பாயம்மா" என்றேன். டீ இன்னும் என் கைக்கே வரவில்லை.

பாயம்மா என் பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து கணவரிடம் பேச வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் பேசினார். "தம்பி, உங்க பாய்கிட்ட சொல்லுங்க. அந்தக் கொட்டாயைக் காட்டட்டும். வந்திருந்தா பாத்ததும் எனக்கு ஞாபகம் வரும். வரலைன்னா அவ பேரைச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் கிருஷ்ணகிரில மக வூட்லதான் இருப்பேன்."

சொன்னபடியே மறுநாள் பஸ் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் டீயை பாய் போட்டார். அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் சோறு சரியாக இறங்காமல் இளைத்துக்கொண்டே போனதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்ப்பார். கிருஷ்ணகிரி பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்.

"ஞாயித்துக்கிழமை வண்டிய எடு ஜெராக்ஸு" என்றார் ஒரு நாள். "உனக்கு முன்னாடிதான சண்டை நடந்துச்சு? நீதான் சாட்சி. சாட்சி வராம கேஸ் எப்படி நிக்கும்?"

பாய் சொன்ன தகவல் இவ்வளவுதான். பெங்களூரில் பார்த்துவிட்டு வந்த யாரோ ஒரு மண்டிக்காரர் பெங்களூர் ரோட்டோரம் ஒரு டிரைவ்-இன் கட்டினார். தரை வரிசை வரிசையாக மேடாக இருக்கும். முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்க்கும். காருக்காகக் கட்டியது, வந்ததெல்லாம் லாரி. வைக்கோல் லாரி ஒன்று முன்வரிசையில் நின்றுவிட்டால் பின்னால் இருக்கிறவன் வைக்கோலைத்தான் பார்க்க வேண்டும். சில மாதத்தில் மூடிவிட்டார்கள்.

"எந்த இடம் பாய்?"

"வெளிய வரப்ப வலது பக்கம் ஒரு வேப்பமரம்."

"உள்ள போறப்ப?"

"உள்ள போறத எவன் ஞாபகம் வெச்சிருப்பான்?"

தேடல் ஒவ்வொரு ஞாயிறும் ரோட்டோரம் ஒரு பஸ் ஸ்டாப் டீக்கடையில் தொடங்கும். பாய் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார வேண்டும். கடைக்காரர் கர்நாடகப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர். அவரிடம்தான் முதலில் விசாரித்தோம். "டிரைவ்-இன் எங்க இருந்துச்சுங்க?"

அவர் பாயின் காலை ஒரு பார்வை பார்த்தார். "டிரைவிங் ஸ்கூலா? இந்தக் காலுக்கு லைசென்ஸ் தர மாட்டாங்க" என்றார். பாய் அரைமணி நேரம் விளக்கினார், கடைசியிலிருந்து முதலுக்கு. கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கொத்தில்லா" என்றார், தெரியாது என்பதைக் கன்னடத்தில்.

சரி, டிரைவ்-இன் என்றால் யாருக்கும் புரியவில்லை, சினிமா கொட்டாய் என்றே கேட்போம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன யோசனைகளில் இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அது வேறு கதை. எங்கள் மாவட்டத்தில் சினிமாவுக்கு மட்டுமா கொட்டாய்? காட்டுக்குள், அதாவது விளைநிலத்துக்கு நடுவே, நான்கு வீடு சேர்ந்தாலே அது கொட்டாய். முதலில் குடிசை போட்டவர் பேரில் நாகன் கொட்டாய், முனியன் கொட்டாய், வாத்தியார் கொட்டாய் என்று வரிசையாக இருக்கும். நாங்கள் டீ குடித்த பஸ் ஸ்டாப்புக்கே மொட்டைக்கொட்டாய் என்றுதான் பெயர். மொட்டை என்ற புண்ணியவான் யாரோ.

"பெரியவரே, இங்க பழைய கொட்டாய் ஒண்ணு இருந்துச்சாமே?"

"நீ நிக்கிறதே பழைய கொட்டாய்தான்."

"அது இல்லீங்க, படம் ஓட்டின கொட்டாய்."

"அதுக்கு டவுனுக்குப் போகணும். இங்க எதுக்கு வந்தீங்க?"

ஞாயிறுகள் போயின. உயரமான சுவரைக் கண்டால் பாய் வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கி, பத்தடி தள்ளிப் போய், தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி அப்படியே நிற்பார். ஒரு முறை மாம்பழக்கூழ் ஆலையின் காம்பவுண்டுச் சுவருக்கு எதிரே இப்படி நின்றோம். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"யாருங்க நீங்க? இங்க என்னா பண்றீங்க?"

காது சூடானது. வாய் முந்திக்கொண்டது. "படம் பாக்கறோம்" என்றேன்.

வாட்ச்மேன் சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு பரிவாக, "நல்லாருக்குதா?" என்று கேட்டார்.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து நாய்களுக்கெல்லாம் என் ஸ்கூட்டர் சத்தம் அத்துப்படி. பாயின் நீட்டிய காலை ஒரு நாய்கூடத் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்து அவை அதைக் கம்பு என்று நினைத்தன. துரத்தியது முழுக்க என்னைத்தான்.

கடைசி ஞாயிறு அன்று ஒரு காட்டில் மேடும் பள்ளமுமாக வரிசை தெரிந்தது. பாய் அவசரமாக இறங்கினார். தார்பாய் அளக்கிற டேப்பை மடியிலிருந்து உருவினார். "இந்த மேடுதான் ஜெராக்ஸு! பிடி அந்த முனைய!"

பிடித்தேன். மேட்டுக்கு மேடு எவ்வளவு தூரம் என்று இருவரும் குனிந்து அளந்துகொண்டிருந்தோம். அது தக்காளி போட ஓட்டி வைத்த பாத்தி என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. டேப்போடு இரண்டு பேர் நிலத்தில் குனிந்து நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதும் அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

"ஏய், ரோட்டுக்கு அளக்க வந்துட்டானுங்கடி!"

நிமிர்ந்தபோது சுற்றிலும் ஆட்கள். முன்னால் ஒரு அம்மா, கையில் களை வெட்டுகிற கொத்து.

இரண்டு காதும் அடுப்பாகிவிட்டன. "நாங்க கவர்மெண்ட் இல்லீங்க!" என்று கத்தினேன்.

"அப்ப கம்பெனிக்காரனுங்களா?"

"கம்பெனியும் இல்லீங்க! சினிமாங்க!"

"ஷூட்டிங்கா? யாரைக் கேட்டு எங்க காட்டுல ஷூட்டிங்கு?" கொத்து இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. "யாரு ஈரோ? இந்தப் பாயா?"

நான் டேப்பை விட்டேன். அது சுர்ரென்று சுருண்டு பாயின் கைக்குப் போனது. ஓடலாம் என்று பார்த்தால் ஸ்கூட்டர் அவர்கள் பக்கம் நிற்கிறது. பாய் மட்டும் பதறவில்லை. வழக்கம்போல் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

"என் பொண்டாட்டி என்னை வுட்டுட்டுப் போயிட்டாம்மா."

கொத்து இறங்கியது. "அய்யய்யோ. ஏனாம்?"

"மக வூட்டுக்குப் போயிட்டா. அதுக்கு முன்னாடி சண்டை. அதுக்கு முன்னாடி டிவி..." என்று பாய் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். கூட்டம் பாத்தியிலேயே உட்கார்ந்து கேட்டது. என் வாழ்க்கையில் அவர் கதைசொல்லும் முறை பயன்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். நேராகச் சொல்லியிருந்தால் கதையில் பெண்டாட்டி வருவதற்குள் எனக்கு வெட்டு விழுந்திருக்கும்.

லாரி வரிசையாக நின்று படம் பார்த்த இடம் வந்ததும் அந்த அம்மா தொடையைத் தட்டினார்.

"கூரையில்லாத கொட்டாயா? லாரில உக்காந்துக்கிட்டே பாப்பாங்களே, அதுவா? அதுதாங்க மொட்டைக் கொட்டாய்!"

"மொட்டைங்கறது ஆள் இல்லையா?" என்றேன்.

"ஆளும் இல்ல, பேரும் இல்ல. கூரை இல்லாத கொட்டாயை வேற என்னான்னு சொல்லுவாங்க? பஸ்ஸு நிக்குமே, அதுக்குப் பின்னாடிதான்."

பாய் என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றார்.

டீக்கடைக்குப் பின்னால் இரண்டு வீடு தள்ளி அது இருந்தது. தரையின் மேடெல்லாம் கரைந்து புல் முளைத்திருந்தது. ஒலிபெருக்கி மாட்டிய இரும்புக் குழாய்களில் துணி காய்ந்தது. பெரிய திரைச்சுவர் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்சுவராகியிருந்தது. மேலிருந்து கீழ் வரை வரட்டி தட்டி வைத்திருந்தார்கள். ஹவுஸ்ஃபுல். பாய் பத்தடி தள்ளிப் போய், தலையைச் சாய்த்து, நெடுநேரம் நின்றார்.

அடுத்த ஞாயிறு பாயம்மா கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"தம்பி, சொல்லிடுங்க. இங்க நான் எந்தப் படமும் பாக்கல."

பாயின் முகம் சுருங்கிப்போனது. அவ்வளவு நாள் அலைச்சலும் அந்த வரட்டிச் சுவரில் முட்டி நின்றது. சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்த என் வாய், "வரட்டி நல்லா காஞ்சிருக்குங்க" என்றது.

பாயம்மா காலில் ஒட்டிய சாணியைக் கழுவ வேப்பமரத்தடியிலிருந்த சிமெண்ட் தொட்டிக்குப் போனார். தண்ணீரை மொண்டவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி, பல வாரங்களுக்கு அப்புறம் முதல் முறையாக, நேராகக் கணவரிடமே பேசினார்.

"ஏங்க, இது நான் வாந்தி எடுத்த தொட்டி இல்ல?"

"அதேதான்!" பாய் காலை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"பெரியவ வயித்துல இருந்தா. டீசல் வாடை. இங்கதான் எனக்கு மூஞ்சி கழுவி வுட்டீங்க. புதுத் துண்டை நனைச்சு..." பாயம்மாவின் குரல் இறங்கியது. அடுத்த நொடி ஏறியது. "இருங்க. எனக்கு வாந்தி வருதுன்னுதான் நீங்க வண்டிய நிறுத்தினதா இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன். படம் பாக்கவா நிறுத்தினீங்க?"

என் காது மறுபடி சூடானது. ஒரு வழக்கு தீர்ந்து இன்னொன்று பதிவாகிவிட்டது.

"நான் வாந்தி எடுத்துட்டுக் கெடக்கறேன், நீங்க பாட்டுக்கு படம் பாத்தீங்களா?"

"எங்க பாத்தேன்? படம் போடறதுக்கு முன்னாடியே நீ சீட்டுல படுத்துத் தூங்கிட்ட. கொஞ்ச நேரம் ஓடிச்சு. தூக்கத்துல அனத்த ஆரம்பிச்ச. பயந்துபோயி வண்டிய எடுத்துட்டேன். முன்னாடி நின்னவன், பின்னாடி நின்னவன் எல்லாம் ஆரன் அடிச்சுத் திட்டினானுங்க." பாய் தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "அந்தப் படத்தோட முடிவு என்னான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

எல்லாக் கதையையும் முடிவிலிருந்து சொல்கிற மனிதர். நான் ஸ்கூட்டர் சாவியை வீணாகத் தேட ஆரம்பித்தேன். அது என் கையிலேயே இருந்தது.

"என்னா படம்?" என்றார் பாயம்மா.

"அதுவும் மறந்துபோச்சு."

பாயம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர் தெரியாத அரைப் படத்துக்கா இந்தத் தம்பிய இப்படி அலைய வுட்டீங்க?"

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. பாயம்மா ஏறவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம், தருமபுரி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

இப்போது பதினோரு மணிக்குச் சரியான டீ வருகிறது. நிம்மதியாக இருந்திருப்பேன், போன வாரம் பாய் என் கடைப் படியில் காலை நீட்டி உட்காராமல் இருந்திருந்தால். "பாதிப் படத்தோட வெளிய வந்துட்டேன் ஜெராக்ஸு. அதுக்கு முன்னாடி வேட்டி கிழிஞ்சுது. அதுக்கும் முன்னாடி... கம்பைநல்லூர்ப் பக்கம் இதே மாதிரி இன்னொரு கொட்டாய் இருந்துச்சு."

"பாய், என்னைக் கொன்னாலும் வர மாட்டேன். நாய்ங்க இருக்கு, ஆளுங்க இருக்காங்க, எனக்கு பிரஷர் இருக்கு. வேற எவனையாவது பாருங்க" என்று கடை அதிரக் கத்தி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போய், ஸ்கூட்டரின் இடது பக்கம், மடங்காத ஒரு கால் வசதியாக நீட்டி வைத்துக்கொள்கிற மாதிரி, நீளமாக ஒரு ஃபுட்ரெஸ்ட் அடிக்கச் சொல்லி வாங்கி வந்தேன்.